திண்ணையில் படுக்கும் பிள்ளைகளுக்கு இரண்டாம் கட்டைத் திறந்துவிடலாமா?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 68 வயது ஆச்சி ஒருவர், வழக்கறிஞரான எனக்கு ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவர் காலமாகிவிட்டார். மகள் வெளிநாட்டில் இருக்கிறார். மூன்று கட்டு வீட்டில் (ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பகுதிகள் உள்ள வீடு) முகப்பை ஒட்டிய பகுதியில் ஆச்சி தனியாக வசிக்கிறார். கொழுந்தனார்கள் இருவரும் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாக இருப்பவர்கள். முன்னோர்களுக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து அறைகளைத் திறப்பார்கள், போகும்போது பூட்டிவிட்டுப் போவார்கள். இந்த ஆடி மாதத்திலிருந்து வெளித்திண்ணையில் மூன்று பையன்கள் வந்து படுக்கிறார்கள். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறுவது அவர்களுடைய வேலை. ஒருவனுக்கு 19 வயது. தாய் இறந்து, தந்தை மறுமணம் செய்துகொண்ட பிறகு வீட்டில் அவனுக்கு இடமில்லாமல் போயிற்று. இன்னொருவனுக்கு 20. குழந்தைகள் இல்லம் ஒன்றில் வளர்ந்தவன். 18 நிறைந்ததும் ஒரு பையோடு வெளியே வந்தவன். மூன்றாமவன் தனக்கு 18 என்கிறான். "மீசைகூட அரும்பவில்லை, எனக்கு நம்பிக்கை இல்லை" என்று எழுதுகிறார் ஆச்சி.

இரண்டாம் கட்டில் ஆறு அறைகள் சும்மா பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, இப்படி ஒதுங்க இடமில்லாத பத்துப் பிள்ளைகளுக்காவது கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. "12 வருஷம் இருந்துவிட்டால் வீடு அவர்களுக்கே போய்விடும்" என்று ஒரு கொழுந்தனார் பயப்படுகிறார். "என்ன ஆட்களோ, எவரோ" என்கிறார் இன்னொருவர். ஆச்சிக்கும் கேள்விகள் இருக்கின்றன. பாதுகாப்புக்கு ஆதார் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டால் போதுமா? வாடகைக்குப் பதிலாக வீட்டு வேலை பார்க்கச் சொல்லலாமா? மூன்றாமவனுக்கு 18 ஆகும்வரை சத்தமில்லாமல் வைத்துக்கொண்டால் என்ன? மூத்தவனின் தந்தைமீது ஜீவனாம்ச வழக்குப் போட முடியாதா? பின்னால் பெண் பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கலாமா?

மதிப்புக்குரிய ஆச்சிக்கு,

திறந்துவிடலாம். ஆனால் எல்லா அறைகளையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம்; பத்துப் பேருக்கும் வேண்டாம். ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்றாமவன் விஷயம், அதற்குத்தான் அவசரம் அதிகம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மூன்றாமவனின் வயது

"சத்தமில்லாமல் வைத்துக்கொள்கிறேன்" என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். 18 நிறையாதவர் சட்டத்தின் கண்ணில் குழந்தை. ஆதரவற்ற நிலையில் இருக்கும் குழந்தையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் எவரும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். கொடுக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் சோறு போட்டு, போர்வை கொடுத்து வைத்திருக்கிறீர்கள். எந்தக் காவல் அதிகாரியும் உங்களைத் தேடி வரப் போவதில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நாளை அந்தப் பையன் பரிமாறப் போன இடத்தில் கொதிக்கும் சாம்பார் அண்டாவில் கை வைத்துவிட்டான் என்று வையுங்கள். முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

அவன் ஏன் வயதைக் கூட்டிச் சொல்கிறான் தெரியுமா? 17 என்றால் "இல்லத்தில்" போட்டுவிடுவார்கள் என்ற பயம். வேலையும் போய்விடும் என்ற பயம். இந்தப் பயம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், அவனுடைய விருப்பத்தைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்பவை அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளிலேயே இருக்கின்றன. அதைவிட, உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றும் அதில் இருக்கிறது. 52-ஆம் பிரிவின்படி, தகுதியை விசாரித்த பிறகு, ஒரு குழந்தையைத் தற்காலிகமாகப் பராமரிக்க ஏற்ற நபர் என்று ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு அங்கீகரிக்கலாம். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். ஒளித்து வைத்தால் குற்றம்; அதே பையனை, அதே வீட்டில், குழுவின் உத்தரவோடு வைத்துக்கொண்டால் பராமரிப்பு.

வயதுக்கு முதல் சான்று பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. ஆதாரில் போட்டிருக்கும் தேதி இந்த வரிசையிலேயே இல்லை. எனவே, எந்தப் பள்ளியில் கடைசியாகப் படித்தான் என்று பேச்சுவாக்கில் கேட்டு வையுங்கள். விசாரணை மாதிரி வேண்டாம். தோசை சுட்டுப் போடும்போது கேட்டாலே பாதி வந்துவிடும்.

12 வருஷக் கணக்கு

உங்கள் கொழுந்தனாரின் பயம் செட்டிநாடு முழுக்க உள்ள பயம். இந்தப் பக்கத்தில் முற்றமும் சுற்றி அறைகளுமான எத்தனையோ வளவுகளில் புறா மட்டும் குடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எதிரிடை அனுபவம் என்று சட்டத்தில் ஒன்று இருப்பது உண்மை. காலவரையறைச் சட்டம் 12 ஆண்டு என்று சொல்வதும் உண்மை. ஆனால் அது, உரிமையாளரை எதிர்த்து, "இது என்னுடையது" என்று வெளிப்படையாக அனுபவிப்பவருக்கு. உங்கள் அனுமதியோடு இருப்பவர் 12 வருஷம் அல்ல, 40 வருஷம் இருந்தாலும் அது அனுமதிதான். காவலாளியாகவோ பராமரிப்பாளராகவோ இருந்தவர் எத்தனை காலம் இருந்தாலும் வீட்டில் உரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ஒரு தீர்ப்பில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே வேண்டியதெல்லாம், அது அனுமதிதான் என்று காட்ட ஒரு காகிதம்.

அந்தக் காகிதம் வாடகை ஒப்பந்தமாக இருக்க வேண்டாம். தனிப் பகுதியை ஒருவரின் முழு வசத்தில் கொடுத்து வாடகை வாங்கினால் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வந்துவிடும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தங்கிக்கொள்ள அனுமதிக்கும் உரிம ஒப்பந்தம் போதும். ஆளுக்கு ஒன்று, தனித்தனியாக. எந்த அறை, எத்தனை மாதம், என்ன தொகை, யாராவது விலக நினைத்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவை அதில் இருக்கட்டும். 30 நாள் என்று போடுங்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: அனுமதியை ரத்து செய்தாலும், போவதற்கு நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். கோபம் வந்த ராத்திரியில் பையைத் தூக்கி வாசலில் வைக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் இதுவரை பார்த்ததெல்லாம் அந்த ராத்திரியைத்தான்.

உண்மையான சிக்கல் பையன்களிடம் இல்லை, பங்காளிகளிடம் இருக்கிறது. இரண்டாம் கட்டு பாகப்பத்திரத்தில் உங்கள் கணவரின் பங்காகப் பிரிந்திருக்கிறதா, இல்லை "நாங்கள் புழங்கி வந்தோம்" என்ற வாய்வழக்கு மட்டும்தானா? கடிதத்தில் இது தெளிவாக இல்லை. பிரியாத சொத்து என்றால், ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஒவ்வோர் அங்குலத்திலும் உரிமை உண்டு. உங்களைத் தடுக்க அவர்கள் நீதிமன்றத்துக்குப் போக முடியும். எனவே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த "சரி அண்ணி" என்ற ஒரு வரியை நம்பி ஆறு அறைகளைத் திறக்காதீர்கள். சிங்கப்பூரில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்றிட்டு அனுப்பலாம். சம்மதக் கடிதத்தில் எல்லா அறைகளையும் கேட்காமல் இரண்டு அறைகளை மட்டும், 11 மாதத்துக்கு மட்டும் கேட்டால் கையெழுத்து சுலபமாக வரும் என்பது என் அனுபவம்.

இன்னொரு கொழுந்தனாரின் "என்ன ஆட்களோ" என்ற கேள்விக்கு ஒரு வழக்கறிஞராக நான் சொல்லக்கூடிய பதில் எதுவும் இல்லை. அவருடைய கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள் என்ன ஆட்கள் என்று அன்றைக்கு அவர் கேட்டாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கூரையும் கூலியும்

ஆதார் அட்டைகளை வாங்கி வைக்காதீர்கள். நகல் போதும். அசல் அவர்கள் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஊரில் எந்த வேலைக்குப் போனாலும், சிம் கார்டு வாங்கினாலும், வங்கியில் கணக்குத் தொடங்கினாலும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சமையல் காண்ட்ராக்டர் ஒருவர் பையன்களின் அட்டைகளைப் பெட்டியில் பூட்டி வைத்து, "போக வேண்டுமானால் முன்பணத்தைக் கட்டிவிட்டுப் போ" என்று சொன்ன விவகாரம் ஒன்று என்னிடம் வந்தது. நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை. ஆனால் செய்முறை ஒன்றாக இருந்தால் சட்டத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது.

வாடகைக்குப் பதில் வீட்டு வேலை என்பதும் இதே குழிதான். நல்ல மனதோடு கேட்டிருக்கிறீர்கள். "சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது" என்ற உங்கள் வாதமும் சரி. ஆனால் தங்க இடம் கொடுப்பதற்காக ஒருவரிடம் கூலியில்லாமல் வேலை வாங்குவது எங்கே உதவி, எங்கே கட்டாய உழைப்பு என்று கோடு கிழிப்பது கடினம். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982-இலேயே, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் 1976-இலிருந்து இருக்கிறது. வளவைக் கூட்டச் சொன்னால் கூலி கொடுங்கள். தங்குவதற்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

உங்களுக்கு இது உடனே புரியும் என்று நினைக்கிறேன். நம் பக்கத்திலிருந்து கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன பிள்ளைகள் பர்மாவிலும் மலாயாவிலும் எங்கே தங்கினார்கள்? சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கடையும் தங்குமிடமுமாக இருந்த கிட்டங்கிகளைப் பற்றி உங்கள் மாமனார் வழியில் கேட்டிருப்பீர்கள். மீசை முளைக்காத வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் எடுபிடியாக, கப்பல் ஏறியவனுக்கு அங்கே தரையில் ஓர் இடம், ஒரு பெட்டி, பொதுச் சமையலில் சாப்பாடு. கணக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கவும், ஊருக்குக் கடிதம் போட்டாயா என்று கேட்கவும் பெரிய ஆள் ஒருவர் இருந்தார். வீடில்லாத இளைஞர்களுக்கு என்ன வேண்டும் என்று இன்று கருத்தரங்குகளில் பேசுவதில் பாதி அந்தக் கிட்டங்கியில் இருந்தது. ஒரு குறையும் இருந்தது: கடையும் அதுவே, படுக்கையும் அதுவே. முதலாளியோடு மனஸ்தாபம் வந்தால் வேலையும் பாயும் ஒரே நாளில் போகும். பெட்டியையும் பெரிய ஆளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறையை விட்டுவிடுங்கள்.

பெட்டி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பல வருஷங்களுக்கு முன் பஸ் நிலையத்தில் படுத்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்காகக் கூலி பாக்கி வழக்கு நடத்தினேன். "படுக்க எங்கேயாவது இடம் கிடைத்துவிடும் சார், பையை வைக்கத்தான் இடம் கிடைக்காது" என்றான். பையில் மாற்றுத் துணியும் சான்றிதழும் இருந்தால் ஒரு நேர்காணலுக்குக்கூட அதைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் நீங்கள் முதலில் வாங்க வேண்டியது கட்டில் இல்லை. ஆளுக்கு ஒரு பூட்டுள்ள இரும்புப் பெட்டி. சாவி அவர்களிடம். இரண்டாவதாக, பின்கட்டு வாசலுக்கு ஒரு சாவி. பந்தி முடிந்து பாத்திரம் ஒதுக்கி வரும்போது இரவு ஒரு மணி ஆகும். ஒன்பது மணிக்குக் கதவடைக்கும் விடுதி அவர்களுக்குப் பயன்படாது.

தொகை வாங்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அவர்களுக்கு வருமானமும் இல்லை. அவர்கள் உங்கள் திண்ணைக்கு ஆடியில் வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். அதுவரை மூவரும் சேர்ந்து எங்காவது வாடகைக்கு இருந்திருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். முகூர்த்த மாதங்களில் சற்றுக் கூடுதலாக வாங்கி, அந்த இரண்டு மாதங்களுக்கு விட்டுவிடுங்கள். 18 வயது நிறைந்த இருவரும் தமிழ்நாடு சமையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய முடியுமா என்று தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

20 வயதுக்காரனுக்கு நாள் குறைகிறது

இல்லத்தில் வளர்ந்தவனைப் பற்றி, "18 ஆனதும் அவர்கள் பொறுப்பு முடிந்துவிட்டதாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் அவனிடம் சொல்லியிருப்பார்கள். சொன்னவர்களும் அப்படியே நம்பியிருக்கலாம். அது சரியல்ல. இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுபவருக்குப் பின்பராமரிப்பு என்ற ஏற்பாடு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் இருக்கிறது. பொதுவாக 21 வயது வரை. விதிவிலக்கான சூழலில், உத்தரவு பெற்று, மேலும் இரண்டு ஆண்டுகள். மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் இதற்கென்று மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை வகுக்கப்பட்டிருக்கிறது. கேட்டவுடன் கையில் வைத்துவிட மாட்டார்கள். விசாரணை, பரிந்துரை, நிதி ஒதுக்கீடு எல்லாம் உண்டு. ஆனால் கேட்காதவனுக்கு எதுவும் வராது. அவனுக்குத் தை மாதம் 21 நிறைகிறது என்கிறீர்கள். அதற்குள் மனு உள்ளே போய்விட வேண்டும்.

மனு சிவகங்கையில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு. இணைக்க வேண்டியது, இல்லத்தில் இருந்த காலத்துக்கான சான்று. அது கையில் இல்லாவிட்டால், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை இருந்தான் என்று எழுதி, இல்லத்திடமிருந்து வாங்கித் தருமாறு அலுவலரையே கேட்கலாம்.

இங்கே உங்கள் பத்துப் பேர் கனவுக்கும் ஒரு பதில் கிடைக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகளில், பின்பராமரிப்பின் ஒரு வடிவமாக, ஆறு முதல் எட்டு இளைஞர்கள் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் குழுக் குடியிருப்பு சொல்லப்பட்டிருக்கிறது. ஆறு அறை, எட்டு ஆள்! உங்கள் இரண்டாம் கட்டை அளந்துவிட்டு எழுதிய மாதிரி இருக்கிறது. மூவரை வைத்து ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்கள். நடந்தால், மாவட்ட அலகோடு சேர்ந்து அப்படி ஒரு குடியிருப்பை நடத்த முன்வரலாம். அதற்கு முன்னால் நீங்களாக "இல்லம்" என்று பெயர்ப்பலகை மாட்டாதீர்கள். 18-க்குக் கீழ் உள்ள பிள்ளைகளைப் பதிவில்லாமல் நிறுவனமாக வைத்து நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

பெண் பிள்ளைகளுக்கும் இடம் என்ற யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விடுதி நடத்த 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஒரே வாசலில் இரண்டையும் நடத்தவும் முடியாது. அவசரமாக ஒரு பெண் வந்து நின்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

19 வயதுக்காரனின் தந்தை

ஜீவனாம்ச வழக்கு நிற்காது. உடல், மனக் குறைபாடு இல்லாத மகனுக்கு 18 நிறைந்த பிறகு தந்தையிடம் பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமை இல்லை. பலரும் "படித்து வேலைக்குப் போகும்வரை" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருமணமாகாத, தன்னைக் காத்துக்கொள்ள முடியாத மகளுக்கு இந்து சட்டத்தில் வேறு நிலை, மகனுக்கு இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறது: "தாயின் பெயரில் அவள் பெற்றோர் எழுதிக் கொடுத்த மனை ஒன்று உண்டாம்." ஆச்சி, இது அடைப்புக்குறிக்குள் போக வேண்டிய விஷயமே இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பத்தில், ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவளுடைய சொத்து பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சமமாகப் போகும். இவன் ஒரே பிள்ளை என்றால் பாதி இவனுடையது. தந்தை மறுமணம் செய்ததால் அது மாறாது. சித்திக்கு அதில் நேரடியாக ஒன்றுமில்லை. பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பிறகு வட்டாட்சியரிடம் தாயின் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கட்டும். செலவுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தரும், எண் 15100.

அதற்காக நாளைக்கே நோட்டீஸ் அனுப்பச் சொல்லவில்லை. பாகப்பிரிவினை வழக்கு வருஷக்கணக்கில் ஓடும். பாதி மனை இந்த ஐப்பசி மழைக்குக் கூரையாகாது. உரிமை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியட்டும், எப்போது கேட்பது என்பதை அவன் முடிவு செய்யட்டும். "ஒரு தடவை போய்த் தகப்பன் காலில் விழுந்தால் சரியாகிவிடும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. அடிபட்டு வெளியே வந்த பிள்ளையைச் சமாதானம் என்ற பேரில் திருப்பி அனுப்பியதன் விளைவை நான் நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். அவனே கேட்டால் மட்டும், ஒரு மத்தியஸ்தர் முன்னிலையில் பேச ஏற்பாடு செய்யலாம்.

ஊர் செய்ய வேண்டியது

உங்கள் வீடு மூன்று பேருக்கு விடை. காரைக்குடி பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் படுத்திருப்பவர்களுக்கு? ஆச்சிமார் ஒவ்வொருவரும் ஒரு கட்டைத் திறக்க வேண்டும் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது அரசின் கடமையை மனிதர்களின் இரக்கத்தின் தலையில் கட்டுவது. நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத் திட்டம் வகுத்த அளவுகோல், ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் நிரந்தர இடம், ஆளுக்கு 50 சதுர அடி. காரைக்குடி 2011 கணக்கெடுப்பிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மாநகராட்சிக்கு ஒரு மனுப் போடுங்கள். வீடற்றோருக்கான தங்குமிடத்தில் எத்தனை படுக்கைகள், கடந்த ஓராண்டில் தங்கியவர்களில் 18 முதல் 25 வயதுக்குள் எத்தனை பேர், இரவு எத்தனை மணி வரை உள்ளே விடுகிறார்கள், உடைமைகளுக்குப் பூட்டுள்ள பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வயதைப் பிரித்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. முதியவர்களும் நோயாளிகளும் படுத்திருக்கும் பொதுக் கூடத்துக்குள் 19 வயதுப் பையன் ஒரு ராத்திரி தங்குவான், மறுநாள் வர மாட்டான். அங்கே அவனுக்கு வேலை பற்றியோ படிப்பு பற்றியோ பேச ஆளில்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்தால், அது வெறும் கோரிக்கையாக இருக்காது, கணக்காக இருக்கும்.

பையன்கள் இருவரையும் வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். "முகவரி இல்லாதவனுக்கு ஏது ஓட்டு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீடில்லாதவரும் படிவம் 6 கொடுக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் சொன்ன இடத்தில்தான் படுக்கிறாரா என்று ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் பார்ப்பார். உறுதியானால் முகவரிச் சான்றே தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. வாக்காளர் அட்டை வந்துவிட்டால் ஆதார் முகவரியை மாற்ற அதுவே ஆவணம்.

இனி வேலைகள். அறையைத் திறப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டாம் கட்டின் வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பர்மாத் தேக்குத் தூணுக்கு நூறு வயதானால் பெருமை, வயருக்கு ஐம்பது ஆனால் ஆபத்து. கிணற்றுக்குக் கம்பி வலை போடுங்கள். மூவர் தங்குவதைக் காவல் நிலையத்தில் ஒரு கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்; ரோந்து வருபவர் நள்ளிரவில் எழுப்பி விசாரிப்பது குறையும். பாகப்பத்திர நகலை எனக்கு அனுப்புங்கள். சம்மதக் கடிதத்தையும் உரிம ஒப்பந்தத்தையும் எழுதித் தருகிறேன். இதற்கு நான் கட்டணம் வாங்கப் போவதில்லை. எப்போதாவது இந்தப் பக்கம் வரும்போது ஒரு டப்பா சீப்புச் சீடை கொண்டுவாருங்கள்.

மூன்றாமவன் விஷயத்துக்கு மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் 1098-ஐக் கூப்பிடுங்கள். கூப்பிடுவதற்கு முன் அவனிடம் சொல்லிவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் செய்தால் அன்று ராத்திரியே ஓடிவிடுவான். குழுவின் முன் ஆஜராக சிவகங்கைக்குப் போகும் நாளில் மற்ற இருவரில் ஒருவரையும் பஸ்ஸில் கூட்டிப் போங்கள். உள்ளே அழைக்கும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்குப் பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்கட்டும்.